உங்களுக்குத் தெரியுமா? கூலூம் போட்ட கணக்கு

● மின்னூட்டங்களுக்கு இடையிலான விசைக்கு விதி தந்த சார்லஸ் கூலூம், தொழிலால் ராணுவப் பொறியாளர். கரீபியன் தீவான மார்ட்டினிக்கில் கோட்டை கட்டியவர்.

● 1785-இல் அவர் கையாண்ட கருவி முறுக்குத் தராசு. மெல்லிய வெள்ளிக் கம்பியில் ஒரு குச்சி தொங்கும். அதன் முனையில் ஒரு நெட்டிப் பந்து. பக்கத்தில் அசையாத இன்னொரு பந்து. இரண்டுக்கும் ஒரே மின்னூட்டம் ஏற்றியதும் தொங்கும் பந்து 36 பாகை விலகி நின்றது. கம்பியின் முறுக்கும் அதே 36; முறுக்குதான் விசையின் அளவு. இடைவெளியை 18 பாகையாக்க, கம்பியின் மொத்த முறுக்கு 144 பாகை ஆனது. தூரம் பாதி, விசை நான்கு மடங்கு! மூன்றாம் முறை இடைவெளி எட்டரை, முறுக்கு 575½. (கறாராகப் பார்த்தால், 576-க்கு இடைவெளி 9 இருந்திருக்க வேண்டும்.) அறிக்கையில் அவர் தந்தவை இந்த மூன்றே அளவீடுகள். துணிச்சல்காரர்தான்!

● அவருக்குப் பல ஆண்டுகள் முன்பே இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ் இதே விதியை வேறு வழியில் கண்டுபிடித்துவிட்டார். கூச்ச சுபாவி, அதை வெளியிடவே இல்லை. இயற்பியலாளர் மேக்ஸ்வெல் அதைப் பதிப்பித்தது 1879-இல்.

● கூலூம் விதிப்படி விசையைக் காணும் கணக்கு எளிது. இரு மின்னூட்டங்களையும் பெருக்கி, தூரத்தின் வர்க்கத்தால் வகுத்து, 900 கோடியால் பெருக்க வேண்டும். 10 செ.மீ. இடைவெளியில் ஆளுக்கொரு மைக்ரோகூலூம் மின்னூட்டம் (அலகுக்கும் கூலூமின் பெயர்தான்) என்றால் விசை 0.9 நியூட்டன், ஏறக்குறைய 90 கிராம் எடை. செ.மீ.யை மீட்டராக்க மறந்து 10 என்றே போட்டால், விடை பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். பரீட்சையில் மதிப்பெண் பறிபோகும் இடம் இது.

● ஒரு மீட்டர் இடைவெளியில் ஆளுக்கு ஒரு கூலூம் இருந்தால்? 900 கோடி நியூட்டன், அதாவது சுமார் 9 லட்சம் டன் எடை! ஆனால் 2 ஆம்பியர் சார்ஜர் வயரில் நொடிக்கு 2 கூலூம் ஓடுகிறதே, ஒன்றும் ஆகவில்லையே? ஓடும் எலக்ட்ரான்களின் எதிர்மின்னூட்டத்தை, கம்பியில் அசையாமல் நிற்கும் அணுக்களின் நேர்மின்னூட்டம் அங்கங்கே சரிக்கட்டிவிடுகிறது.

● தண்ணீருக்குள் இந்த விசை சுமார் 80-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். உப்புக்கல்லில் சோடியமும் குளோரினும் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருப்பது இந்த விசையால்தான். தண்ணீரில் போட்டதும் பிடி தளர்கிறது, உப்பு கரைகிறது.