விண்டோஸா, லினக்ஸா? கேலியை விடுத்து யோசிப்போம்

சல்லியிலும் நிலாவெளிப் பக்கத்திலும் பழைய மடிக்கணினிகளைத் திருத்திக் கொடுப்பவன் நான். இயங்குதளம் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு விதமான மனோபாவத்தைக் காண்கிறேன். விண்டோஸ் பாவிப்போர், "லினக்ஸ் எல்லாம் கணினி படித்தவர்களுக்கு" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். லினக்ஸ் பாவிக்கும் இளைஞர் சிலரோ மற்றவர்களை ஒன்றும் தெரியாதவர்களாகப் பார்க்கிறார்கள்.

வேறுபாடு இதுதான். விண்டோஸின் மூல நிரல் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. நாம் பணம் கொடுத்துப் பெறுவது பாவிப்பதற்கான அனுமதி மட்டுமே. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸின் நிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். அன்ட்ரொயிட் கைபேசியின் அடித்தளமும் லினக்ஸ்தான். அதை வைத்திருப்பவர்கள் தெரியாமலே தினமும் லினக்ஸைப் பாவிக்கிறார்கள்.

திறந்த நிரலின் பலனுக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமி நமது கரையோரத்தைச் சூறையாடிய பின், காணாமல் போனோர், முகாம்கள், நிவாரணம் பற்றிய விபரங்களைப் பதிய இலங்கைத் தொண்டர்கள் 'சஹானா' என்ற திறந்த மூல மென்பொருளை உருவாக்கினார்கள். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது கைகொடுத்தது.

அதற்காக விண்டோஸ்காரரை இகழ நியாயமில்லை. அலுவலகம் கேட்கும் மென்பொருளும் பழகிய கையும் உண்மையான காரணங்கள். ஆனால் நம்மில் பலர் "சும்மா கிடைத்தது" என்று பாவிக்கும் விண்டோஸ் திருட்டுப் பிரதி. பதிப்புரிமை போன்றவை ஷரீஅத் பாதுகாக்கும் உரிமைகள், அவற்றில் அத்துமீறக் கூடாது என்று சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1988இல் குவைத்தில் தீர்மானித்திருக்கிறது. உணவில் ஹலால் பார்க்கும் நாம் இதை மட்டும் கண்டுகொள்ளாமல் விடலாமா?

இப்போது இது இன்னும் அவசரமான கேள்வி. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாது. புதியது வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளையின் படிப்பு அந்தப் பழைய கணினியில்தான் இருக்கிறது. லினக்ஸ் மின்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றினால், இருக்கும் விண்டோஸை அழிக்காமலே ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால் நிறுவுங்கள், பிடிக்காவிட்டால் கழற்றி விடுங்கள்.

லினக்ஸ் தெரிந்த தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள்: வாதாடும் நேரத்தில் ஒரு வீட்டுக்குப் போய் ஒரு மணித்தியாலம் சொல்லிக் கொடுங்கள்.