திறந்திருந்த பலகணி

வேதபகுதி: தானியேல் 6:1-10



ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் தேவன் நமக்கு மிக அருகில் இருப்பதாக உணருகிறோம். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் நிற்கும்போது அந்த உணர்வு எங்கே போகிறது? வாலிபர் முகாமுக்குப் போய்வந்தால் இரண்டு வாரம் ஆர்வமாக வேதம் வாசிக்கிறோம். பிறகு பரீட்சை வருகிறது, பகுதிநேர வேலை வருகிறது. வேதாகமம் மேசையில் மூடியே கிடக்கிறது.

ஊரிலே நம் பெற்றோர் வளர்ந்த வீடுகள் பலவற்றில் மாலையானால் எல்லோரும் பாயில் உட்கார்ந்து குடும்ப ஜெபம் செய்வார்கள். இங்கே கனடாவில் அப்பா மாலை ஷிப்டுக்குப் போகும்போதுதான் நாம் பள்ளியிலிருந்து வருகிறோம். வீட்டில் எல்லோரும் சேர்ந்து இருக்கும் நேரமே குறைவு. இப்படிப்பட்ட வாழ்க்கையில் தேவனோடு நெருங்கியிருப்பது எப்படி? அந்நிய தேசத்தில் வளர்ந்த ஒரு வாலிபன் நமக்கு வழி காட்டுகிறான்.

பெயர் மாறியது, பழக்கம் மாறவில்லை

தானியேல் சிறைபிடிக்கப்பட்டு பாபிலோனுக்கு வந்தபோது அவனுக்குப் பெல்தெஷாத்சார் என்று புதுப் பெயர் வைத்தார்கள். கல்தேயரின் மொழியையும் எழுத்தையும் மூன்று வருஷம் கற்பித்தார்கள். அவன் அதை வெறுக்கவில்லை. நன்றாகவே படித்துத் தேறினான். பள்ளியில் பெயர் சுருங்கிப்போன, வேறொரு மொழியில் சிந்திக்கப் பழகிவிட்ட நமக்கு இது புரியாத கதை அல்ல.

ஆறாம் அதிகாரத்துக்கு வரும்போது பாபிலோன் ராஜ்யமே விழுந்துவிட்டது. அது கி.மு. 539. தானியேலுக்கு அப்போது ஏறக்குறைய எண்பது வயது இருக்கும். 120 தேசாதிபதிகளுக்கு மேலாக வைக்கப்பட்ட மூன்று பிரதானிகளில் அவன் ஒருவன். நம்மைவிட அவனுக்கு வேலை குறைவு என்று சொல்ல முடியாது. அவனுடைய வேலையில் எதிரிகள் குற்றம் தேடியும் கிடைக்கவில்லை. ஜெபிக்கிறவன் என்பதால் அவன் கடமையில் தவறவில்லை. கடமை அதிகம் என்பதால் ஜெபத்தையும் விடவில்லை.

முப்பது நாள் ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் விண்ணப்பம் செய்யக் கூடாது என்ற கட்டளை வந்தது. அதை அறிந்தும் அவன் வீட்டுக்குப் போய், எருசலேமை நோக்கிய பலகணிகள் திறந்திருந்த மேலறையில், வழக்கம்போல மூன்று வேளையும் முழங்காற்படியிட்டான். சிங்கக் கெபியைக் கண்டு தொடங்கிய ஜெபம் அல்ல அது. பயமில்லாத சாதாரண நாட்களில் பழகிய ஜெபமே பயங்கரமான நாளிலும் நின்றது.

இன்னொன்றையும் கவனிப்போம். அந்தப் பலகணி பார்த்த எருசலேமில் தேவாலயம் இல்லை; பல வருஷங்களுக்கு முன்பே அது சுட்டெரிக்கப்பட்டிருந்தது. அந்த வேளைகளில் தானியேலின் மனம் எப்படி இருந்தது என்று வேதம் சொல்லவில்லை. அவன் என்ன செய்தான் என்பதையே சொல்லுகிறது. ஆகவே ஜெபிக்கும்போது மனம் வறண்டிருந்தால், தேவன் தூரமாகிவிட்டார் என்று முடிவு செய்ய வேண்டாம். உணர்வு வந்தாலும் வராவிட்டாலும் முழங்காற்படியிடுவோம்.

நம் வீட்டுப் பலகணிகள்

காலையில் போனைத் தொடுமுன் ஐந்து நிமிஷம் ஜெபிப்போம். மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரங்கள்தான். தினம் ஒன்று வாசித்தால் இரண்டு வாரத்துக்குச் சற்று மேலாக முடித்துவிடலாம். மத்தியானம் சாப்பாட்டுக்குமுன் கண்ணை மூடி, அன்றைய பாரம் ஒன்றைப் பெயர் சொல்லிக் கர்த்தரிடம் வைப்போம். இரவில் அன்று பெற்ற நன்மை ஒன்றுக்கு ஸ்தோத்திரம் சொல்லுவோம்.

குடும்ப ஜெபத்துக்கு எல்லோரும் கூடும் நேரத்துக்காகக் காத்திருந்தால் அது நடக்காமலே போய்விடும். வீட்டில் இருக்கிறவர்கள் ஜெபிப்போம். வேலை இடைவேளையில் அப்பா போனில் சேர்ந்துகொள்ளட்டும். அம்மம்மா தமிழில் ஒரு சங்கீதம் வாசிக்கட்டும். தமிழ் வாசிக்கத் தெரியாத தம்பி அதையே ஆங்கிலத்தில் வாசிக்கட்டும். இரண்டு மொழியும் கர்த்தருக்குத் தெரியும்.

இந்த வேளைகளுக்கு நடுவே வரும் நேரமும் அவருடையதே. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து மடமொன்றின் சமையலறையில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலும் தேவனோடு பேசப் பழகியவர். உணவகத்தில் தட்டுக் கழுவும் நம் வாலிபருக்கும் அது முடியும்.

ஒருநாள் தவறிப்போனால் சோர்ந்துபோக வேண்டாம். மறுநாள் காலை பலகணியை மறுபடியும் திறப்போம். நாம் வருமுன்பே கர்த்தர் அங்கே காத்திருக்கிறார்.