எந்திர மொழிபெயர்ப்பில் படிக்க என்ன இருக்கிறது?

தம்பி, எம்.டெக்.கில் எந்திர மொழிபெயர்ப்பை எடுக்கலாமா என்று கேட்டாய். செல்போனே நொடியில் மொழிபெயர்த்துவிடுகிறது, இனி இதில் படிக்க என்ன மிச்சம் என்று உன் அப்பா தயங்குகிறார். டீயைக் குடி, சொல்கிறேன். மிச்சம் நிறைய இருக்கிறது.

அவசரப்பட்டு வாக்குக் கொடுத்துக் கெட்ட துறை இது. 1954 ஜனவரியில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐபிஎம்மும் சேர்ந்து, நியூயார்க்கில் அறுபதுக்கு மேற்பட்ட ரஷ்ய வாக்கியங்களைக் கணினியால் ஆங்கிலமாக்கிக் காட்டின. அந்தக் கணினிக்குத் தெரிந்தது 250 சொல், 6 இலக்கண விதி. ஐந்தே ஆண்டில் வேலை முடிந்துவிடும் என்று பேசினார்கள். அமெரிக்க அரசு அமைத்த அல்பாக் என்ற ஆய்வுக் குழு 1966இல் கையை விரித்ததும் பண உதவி வற்றியது.

திருப்பம் 1990 வாக்கில் வந்தது. விதி எழுதுவதை விட்டுவிட்டு, எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேர்ந்து வருகிறது என்று எண்ணத் தொடங்கினார்கள். கனடா நாடாளுமன்றப் பேச்சுகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அச்சாகின்றன அல்லவா, ஐபிஎம் ஆய்வாளர்கள் அவற்றை வரிக்கு வரி பொருத்திக் கணினிக்குக் கொடுத்தார்கள். இந்த இடத்தில் நிதானமாக நில். ‘லால் கபடா’ என்றால் ‘சிவப்புத் துணி’. ‘லால் காடி’ என்றால் ‘சிவப்பு வண்டி’. இந்தி தெரியாத உனக்கு முதல் ஜோடியில் லால் எது, கபடா எது என்று புரியாது; பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்வாய். இரண்டாவது ஜோடியில் லாலும் சிவப்பும் மறுபடி சேர்ந்தே வருகின்றன. அந்தப் பக்கம் கொஞ்சம் எடை கூட்டுவாய். கூட்டியதும், கபடாவுக்குத் துணியைத் தவிர வேறு இடம் இல்லை என்று தெளியும். இதையே லட்சக்கணக்கான வாக்கியங்களில் திரும்பத் திரும்பச் செய்கிறது கணினி. ஒரு முறையாவது காகிதத்தில் கையால் போட்டுப் பார்.

இன்று ஓடுகிற கருவிகளின் அடித்தளம் 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் என்ற கட்டமைப்பு. வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லும் மற்ற சொற்களில் எதை எவ்வளவு கவனிக்க வேண்டும் என்பதை அது தானே கற்றுக்கொள்கிறது. அணிகளும் நிகழ்தகவும் தெரிந்தால் புரிந்துவிடும். பயப்படாதே.

உண்மையான படிப்பு, வந்த மொழிபெயர்ப்பு சரியா என்று கண்டுபிடிப்பதில்தான். 2002இல் வந்த ‘ப்ளூ’ என்ற மதிப்பெண் முறை, மனிதர் செய்த மொழிபெயர்ப்போடு எத்தனை சொற்கள் தொடர்ச்சியாக ஒத்துப்போகின்றன என்று எண்ணும். மனிதர் எழுதியது: ‘இந்த மருந்தைக் குழந்தைகளுக்கு வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது’. ஒரு கருவி கடைசியில் மட்டும் மாற்றி ‘கொடுக்கலாம்’ என்கிறது. இன்னொன்று ‘வெறும் வயிற்றில் பிள்ளைகளுக்கு இம்மருந்தைத் தரக் கூடாது’ என்கிறது. ப்ளூவிடம் முதல் கருவிக்குத்தான் மதிப்பெண் அதிகம். ஆபத்தான பதிலுக்கு முதல் பரிசு! 2015இல் வந்த, எழுத்துக் கோவைகளை எண்ணும் முறை நம் விகுதிகளிடம் கொஞ்சம் கருணை காட்டும். இந்தத் தவற்றை அதுவும் பிடிக்காது. தமிழ் தெரிந்த ஆள் உட்கார்ந்து படித்தால்தான் பிடிபடும்.

தமிழுக்கு இன்னொரு சிக்கல், ஒன்றையே இரு மொழியிலும் சொல்லும் இணை வாக்கியங்கள் குறைவு. இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தார் அரசு ஆவணங்களுக்காகச் சிங்கள–தமிழ்க் கருவி செய்தார்கள். இரண்டு மொழியிலும் வினை கடைசியில் வருவதால் சொல் வரிசையில் பெரிய தொல்லை இல்லை. ஆனாலும் கற்பிக்கப் போதுமான இணை வாக்கியங்களுக்குத் தட்டுப்பாடுதான். அங்கே இந்தக் கருவி வெறும் ஆய்வுத் தலைப்பு இல்லை. அரசு அலுவலகத்திலிருந்து வரும் சிங்களக் கடிதம் புரியாமல் நிற்கிற தமிழரின் தேவை.

சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2023இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2, இந்திய அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் வேலை செய்கிறது, இலவசமாகவே கிடைக்கிறது. கல்லூரி திறப்பதற்குள் அதை இறக்கிக்கொள். ஆங்கில மருத்துவத் துண்டறிக்கைகளிலிருந்து இருநூறு வாக்கியம் கொடுத்து, வந்த தமிழை வரிவரியாகப் படி. எதிர்மறை எங்கே தொலைந்தது, எண் எங்கே மாறியது, யார் யாருக்குக் கொடுப்பது என்பது எங்கே புரண்டது என்று நோட்டில் எழுது. அந்த நோட்டோடு பேராசிரியரைப் போய்ப் பார். முதல் பருவத்திலேயே ஒரு மொழியியல் பாடமும் எடுத்துக்கொள். அதை மட்டும் தள்ளிப் போடாதே.