அன்னையாரின் தமையன்

இலக்கணம் கற்பிக்கும் எனக்குப் பிறர் பிழையைத் திருத்துதல் வழக்கம். அன்னையார் என்னைத் தம் தமையனாக எண்ணி அழைத்தபோதும் திருத்தினேன், அவர் அழுதார். ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர் 1906ஆம் ஆண்டில் எடுத்துரைத்த நோய் அது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

2001ஆம் ஆண்டில் கொழும்பில் தோன்றிய லங்கா அல்சைமர் பவுண்டேஷன், நோயுற்றோரைப் பகலில் இசையிலும் கைவேலையிலும் ஈடுபடுத்துகின்றது. பராமரிப்போருக்கு ஆலோசனையும் நல்குகின்றது. மறுத்துரையாது பேச்சை வேறொன்றில் திருப்புக என்பது இத்துறையினர் கூறும் முதற்பாடம். பண்டிதனுக்கு எளிதன்று!

ஆயினும், ஈராண்டாக இரவுறக்கமின்றி அன்னையாரைக் காத்துவரும் என் மனைவிக்கு வேண்டியது அறிவுரையன்று, அரைநாள் ஓய்வு. அதனை அளிக்கும் பகற்பராமரிப்பு நிலையம் எம்மூரில் இல்லை. ஆதலாற் சனிக்கிழமைகளில் அன்னையாரருகே நான் அமர்கின்றேன். “அண்ணை” என்கின்றார்.

“ஓம், தங்கச்சி” என்கின்றேன்.