மொழியியற் கல்வியும் நமது பேச்சுமொழிகளும்

மொழியியல் என்னும் அறிவுத்துறை நமது பல்கலைக்கழகங்களுக்குப் புதியதொன்றன்று. ஆயினும் அதுபற்றிய தவறான எண்ணங்கள் கற்றோரிடையேயும் நிலவிவருகின்றன. பல மொழிகளைப் பேசப் பழகுவதே மொழியியல் என்பர் சிலர். இலக்கணத்துக்கு இடப்பட்ட புதுப்பெயரே அது என்பர் வேறுசிலர். தொல்காப்பியம் இருக்கையில் மேனாட்டாரின் முறைகள் எதற்கு என்று வினவுவோரும் உளர். இம்மூன்று கருத்துகளும் பொருந்தாதவை என்பதைக் காட்டுவதோடு, மொழியியற் கல்வி நமது சமுதாயத்துக்கு ஆற்றவேண்டிய பணி யாது என்பதை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மொழியியல் மொழியை அதன் இயல்பான நிலையில் வைத்து விளக்க முற்படுகின்றது. மக்கள் எவ்வாறு பேசவேண்டும் என்று அது விதிப்பதில்லை. எவ்வாறு பேசுகின்றனர், ஏன் அவ்வாறு பேசுகின்றனர் என்றே வினவுகின்றது. சுவிற்சர்லாந்து அறிஞர் சசூர் மறைந்தபின் 1916இல் அவர்தம் விரிவுரைகள் நூலுருப் பெற்றன. மொழியை ஒன்றோடொன்று தொடர்புற்ற கூறுகளைக்கொண்ட ஓர் அமைப்பாக நோக்கும் முறை அதன்பின் வலுப்பெற்றது. 1933இல் புளூம்பீல்டின் நூலும், 1957இல் சொம்ஸ்கியின் தொடரியல் நூலும் வெளிவந்தன. இவற்றுக்கெல்லாம் நெடுங்காலத்துக்கு முன்னரே, 1856இல், கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டிருந்தார். எனவே தமிழ் இத்துறைக்குப் புறம்பாக நின்ற மொழியன்று. அதன் வளர்ச்சிக்குத் தரவு வழங்கிய மொழிகளுள் அதுவும் ஒன்று.

மொழியியல் பயிலும் மாணவர் முதலிற் பெறவேண்டிய பயிற்சி செவிப்பயிற்சியாகும். கல், பங்கு, அகம் ஆகிய மூன்று சொற்களையும் உரக்கச் சொல்லிப் பார்ப்போமாயின், ககரம் மூன்று இடங்களிலும் ஒரே வகையாக ஒலிக்கவில்லை என்பதை உணரலாம். சொல்லின் முதலில் அது வல்லொலியாக நிற்கின்றது, மெல்லினத்தின்பின் குரலொலியாகின்றது, உயிர்களுக்கிடையில் உரசொலியாக நெகிழ்கின்றது. ஆயினும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வாராமையால் தமிழர் செவிக்கு இவை மூன்றும் ஒன்றே. ஒலியன் எனவும் மாற்றொலி எனவும் மொழியியலார் கூறும் கருத்துகளின் அடிப்படை இதுவே. மறுபுறத்தில் மனம், மணம் என்பன ஓர் ஒலியால் மட்டுமே வேறுபட்டுப் பொருள் வேறுபடுதலின் னகரமும் ணகரமும் வெவ்வேறு ஒலியன்களாகின்றன. தமிழ் நெடுங்கணக்கை வகுத்த முன்னோர் இவ்வேறுபாட்டை நன்குணர்ந்திருந்தனர் என்றே கொள்ளவேண்டும். இல்லையேல் ககரத்துக்கு ஓரெழுத்தும் னகர ணகரங்களுக்கு ஈரெழுத்தும் அமைந்திரா. இவ்வாறு நோக்கின் மொழியியல் நமது இலக்கண மரபுக்குப் பகையாகாது. அம்மரபின் நுண்மையைப் புலப்படுத்தும் கருவியாகவே அது அமைகின்றது.

இனி, இவ்வறிவு வகுப்பறையில் எவ்வாறு பயன்படும் என்பதை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். யாழ்ப்பாணத்துப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரத்தோடு ஒன்றிவிட்டது. வாழை என்னும் மரமும் வாளை என்னும் மீனும் அங்குப் பேச்சில் ஒரே ஒலியைப் பெறுகின்றன. இந்நிலையில் ஒரு சிறுபிள்ளை பழம் என்பதைப் பளம் என்று எழுதுமாயின், அது தான் கேட்டதைக் கேட்டவாறே எழுதியுள்ளது. அப்பிள்ளையின் செவியிலோ அறிவிலோ குறையில்லை. பேச்சில் இல்லாத ஒரு வேறுபாட்டை எழுத்தில் கற்கவேண்டிய சுமையே அதன்மீது உள்ளது. இதனை உணர்ந்த ஆசிரியர் அப்பிழையைத் திருத்தும் முறையும், உணராத ஆசிரியர் திருத்தும் முறையும் ஒன்றாக இரா. முன்னவர் ழகரச் சொற்களைத் தொகுத்துப் பயிற்சியளிப்பார். பின்னவர் பிள்ளையைத் தண்டிப்பார்.

யாழ்ப்பாணத் தமிழே தூய தமிழ் என்னும் பெருமிதம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. இதனையும் மொழியியல் நோக்கிற் சீர்தூக்கிப் பார்த்தல் தகும். இப்பெருமிதத்துக்கு ஓரளவு ஆதாரம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. தொல்காப்பியம் அ, இ, உ ஆகிய மூன்றையும் சுட்டாகக் கொள்கின்றது. தமிழகத்தின் இன்றைய பொதுப்பேச்சில் உகரச் சுட்டு வழக்கிழந்தது. யாழ்ப்பாணத்திலோ உவன், உது, உங்கே என்பன நாள்தோறும் வழங்குகின்றன. அவ்வாறே காற்று, நேற்று என்னும் சொற்களின் றகர இரட்டை தமிழகத்தின் பல பகுதிகளில் தகர இரட்டையாகத் திரிந்துவிட, ஈழத்தில் அது நுனியண்ண ஒலியாகவே நிலைத்துள்ளது. தமிழகத்தார் மீட்டர் என எழுதுவதை நாம் மீற்றர் என எழுதுவதன் காரணமும் இதுவே. ஆங்கிலத்தின் அவ்வொலிக்கு மிக நெருங்கிய ஒலி நமது வாயில் ஏற்கனவே இருந்தது.

ஆயின் பழமையைப் பேணுதல் ஒரு பக்கமே. அதே யாழ்ப்பாணத்துப் பேச்சு ழகரத்தை இழந்துவிட்டது என்பதை மேலே கண்டோம். யாழ்ப்பாணத்தார் அமர்வது கதிரையில், அணிவது சப்பாத்து, உண்பது பாண், உடுப்பை வைப்பது அலுமாரியில். இவையனைத்தும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். பணிக்குச் செல்லும் கந்தோர் ஒல்லாந்தர் தந்தது. இதனால் இழிவொன்றும் இல்லை. எந்தவொரு கிளைமொழியும் சிலவற்றைப் பேணுகின்றது, சிலவற்றை இழக்கின்றது, சிலவற்றைப் புதிதாக ஏற்கின்றது. முற்றிலும் தூய கிளைமொழி என ஒன்று எங்கும் இல்லை. இவ்வுண்மையை மறந்து, மட்டக்களப்பாரின் மறுகா என்னும் சொல்லையும், முஸ்லிம்களின் வாப்பா, உம்மா, ராத்தா முதலிய முறைப்பெயர்களையும், மலையகத் தொழிலாளரின் லயம், பெரட்டு முதலிய வழக்குகளையும் நகைப்புக்குரியனவாகக் கருதுவது அறிவுடைமையாகாது. ஒரு மக்கட்கூட்டத்தின் பேச்சை எள்ளுவோர் உண்மையில் அம்மக்களையே எள்ளுகின்றனர்.

கல்வியறிவுடையோர் இதனைச் செய்ததில்லை என்று நாம் கூறமுடியாது. 1960களின் முற்பகுதியில் ஈழத்து இலக்கிய உலகில் மரபு பற்றிய கடும் விவாதமொன்று நிகழ்ந்தது. உழைக்கும் மக்களின் பேச்சுமொழியைக் கதைகளிற் கையாண்ட முற்போக்கு எழுத்தாளர்களின் படைப்புகள் இழிசனர் வழக்கு எனப் பழிக்கப்பட்டன. விவாதம் மொழியைப் பற்றியதுபோலத் தோன்றினும் அதன் உட்பொருள் சமுதாயத்தைப் பற்றியதாகவே இருந்தது. யாருடைய வாய்மொழி அச்சேறத் தகுதியுடையது என்பதே அங்கு எழுந்த வினா. டொமினிக் ஜீவாவும் கே. டானியலும் தம் படைப்புகளாலேயே அதற்கு விடையளித்தனர். இதற்கு இருபதாண்டுகளுக்கு முன்னரே, 1940இல், பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் அமைந்த தமது நாடகங்களை நானாடகம் என்னும் பெயரில் வெளியிட்டிருந்தமை ஈண்டுக் கருதத்தக்கது. இலண்டன் பல்கலைக்கழகத்திற் பண்டைக் கல்வெட்டுகளின் மொழியை ஆராய்ந்து பட்டம் பெற்றவர் அவர். கல்வெட்டு மொழியை ஆராய்ந்த கண், கிணற்றடிப் பேச்சையும் மதிக்கக் கற்றிருந்தது. மொழியியற் கல்வி மாணவரிடத்து உண்டாக்கவேண்டிய மனப்பான்மை இதுவே.

மொழியின் அமைப்பில் சமுதாயத்தின் அமைப்பு எவ்வாறு படிந்துள்ளது என்பதை ஆராய்வது மொழியியலின் மற்றொரு கிளையாகும். யாழ்ப்பாணத்துப் பேச்சில் முன்னிலை நீ, நீர், நீங்கள் என மூன்று படிகளாக அமைகின்றது. ஏவலும் அதற்கேற்ப வா, வாரும், வாருங்கோ என வேறுபடுகின்றது. இலக்கண நூலுக்கு இது வெறும் இடப்பெயர் வாய்பாடு. ஆனால் கிராமத்தின் முற்றத்தில் இவ்வாய்பாடு சாதியின் அளவுகோலாகப் பயன்பட்டது. ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த முதியவர் உயர்சாதி ஆணை நயினார் என்று விளித்தார். உயர்சாதி இளைஞனோ அம்முதியவரை நீ என்று விளித்தான். சாதிக்கும் மொழிக்கும் உள்ள இத்தகைய தொடர்பைப் பேராசிரியர் சு. சுசீந்திரராசா போன்ற மொழியியலார் ஆராய்ந்து எழுதியுள்ளனர். 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்த காலத்தை அண்டி, தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் சமத்துவம் கோரி மக்கள் எழுந்தனர். நயினார் என்னும் விளி தேய்ந்து மறைந்தமை அத்தகைய எழுச்சிகளின் பின்னணியில் வைத்து நோக்கப்படவேண்டியதாகும். மாற்றத்தை இலக்கண ஆசிரியர் கொண்டுவரவில்லை, மக்களே கொண்டுவந்தனர். அதனைக் கண்டு பதிவுசெய்வதே மொழியியலாரின் கடமை.

இங்கு ஒரு தடை எழக்கூடும். எல்லா வழக்குகளும் சமமெனின், எழுத்துத் தமிழை ஏன் கற்பிக்கவேண்டும், இலக்கணம் எதற்கு என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. 1959இல் பேர்கூசன், அரபு, நவீன கிரேக்கம், சுவிற்சர்லாந்து ஜேர்மன், ஹெயிற்றியின் கிரியோல் ஆகியவற்றை எடுத்துக்காட்டி இரட்டை வழக்குப் பற்றி விளக்கினார். ஒரே சமுதாயத்தில் உயர்வழக்கொன்றும் தாழ்வழக்கொன்றும் தத்தமக்குரிய இடங்களில் வழங்கும் நிலை அது. தமிழும் அத்தகையதே. கிரேக்கர் 1976இல் மக்கள் வழக்கையே கல்விமொழியாக்கினர். நாமும் அவ்வாறு செய்யவேண்டும் என்று நாம் வாதிடவில்லை. மட்டக்களப்பாரையும் மன்னாராரையும் மலையகத்தாரையும், கடல்கடந்த தமிழரையும் இணைப்பது பொதுவான எழுத்துத் தமிழே. ஏழைப் பிள்ளைக்கு அதனை மறுப்பது அப்பிள்ளைக்கு நூலகத்தின் கதவை அடைப்பதற்கு ஒப்பாகும். எனவே எழுத்துவழக்கை எல்லோருக்கும் நன்கு கற்பிக்கவேண்டும். ஆனால் அதனைக் கற்பிப்பதற்காகப் பிள்ளையின் வீட்டுமொழியைக் கொச்சை என்று கூறவேண்டியதில்லை. ஒரு வழக்கோடு மற்றொரு வழக்கையும் சேர்த்துக் கொடுப்பது கல்வி; ஒன்றைப் பறித்து மற்றொன்றைத் திணிப்பது கல்வியாகாது.

நமது பல்கலைக்கழகங்களில் இக்கல்வி எந்நிலையில் உள்ளது? களனியில் மொழியியல் தனித்துறையாக வளர்ந்தது. 1974இல் வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் அது இடம்பெற்றது. பேராதனைத் தமிழ்த்துறையினரும் கல்வெட்டு மொழி, ஒலியனியல் முதலியவற்றில் ஆய்வுகள் செய்துள்ளனர். எனினும் ஒரு குறையை நாம் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளவேண்டும். மொழியியல் நம்மிடையே பெரும்பாலும் பரீட்சைக் குறிப்பாகவே பயிலப்படுகின்றது. ஒலியன், உருபன் என்பவற்றின் வரைவிலக்கணங்களை மனனஞ்செய்து ஒப்புவிக்கும் மாணவர், தம் பாட்டியார் பேசுவதை ஒருமுறையேனும் செவிகொடுத்துக் கேட்டு எழுதியிருப்பாரா என்பது ஐயமே. செவியும் களமும் இல்லாத மொழியியல், செடிகொடியைக் காணாத தாவரவியல் போன்றது.

களப்பணியின் தேவை இன்று அவசரமான தேவையாகிவிட்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவ்விழப்பை நாம் மறக்கவில்லை. ஆனால் ஏட்டில் எழுதப்படாது மனிதரின் நாவில் மட்டுமே வாழும் செல்வங்களும் உள. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பலர் புத்தளத்தில் ஒரு தலைமுறைக்கு மேல் வாழ்ந்துவிட்டனர். 1995இல் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பின்னர் வன்னியில் 2009 வரை நீடித்த போரில் ஊர்கள் பல முழுமையாகச் சிதறின. ஒரே இடத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோரின் ஒலிகளும் சொற்களும், தொழில்சார்ந்த வழக்குகளும், அவ்வூர் சிதறும்போது தாமும் சிதறுகின்றன. அவற்றை நினைவில் வைத்திருக்கும் முதியோர் ஒவ்வொருவராக மறைந்துவருகின்றனர். நீர்கொழும்பு மீனவரின் தமிழ், மட்டக்களப்புப் பறங்கியரிடையே எஞ்சியுள்ள போர்த்துக்கேயக் கிரியோல் ஆகியனவும் தமிழ் மாணவர் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளத்தக்கனவே.

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. இன்று மாணவர் கையிலுள்ள கைத்தொலைபேசியே ஒலிப்பதிவுக் கருவியாகும். மொழியியல் பயிலும் ஒவ்வொரு மாணவரும் தம் ஊர் முதியவர் ஒருவரின் பேச்சை, அவரது இசைவைப் பெற்று, ஒருமணி நேரம் பதிவுசெய்யட்டும். பேசியவரின் ஊர், வயது, தொழில் ஆகியவற்றைக் குறித்து, அப்பேச்சைக் கேட்டவாறே ஒலிபெயர்த்து எழுதட்டும். எழுதும்போது எதனையும் திருத்தாதிருக்கட்டும். ஆண்டுதோறும் இவ்வாறு சேரும் பதிவுகளைத் துறையினர் பாதுகாத்துவரின், பத்தாண்டுகளில் ஈழத்துத் தமிழின் கிளைமொழிகளுக்கான வலுவான தரவுத்தொகுதி ஒன்று உருவாகும். அகராதிக்கும் பாடநூலுக்கும் அது பயன்படும். மொழிபெயர்ப்புக்கும், பேச்சை எழுத்தாக்கும் கணினிக் கருவிகளுக்கும் அதுவே அடிப்படையாக அமையும்.

இப்பணியால் விளையும் பயன் தரவு மட்டுமன்று. தன் பேச்சு கொச்சை என்று வாழ்நாள் முழுவதும் சொல்லக் கேட்ட ஒரு தோட்டத் தொழிலாளியின் முன்னோ, ஒரு மீனவரின் முன்னோ, பல்கலைக்கழக மாணவரொருவர் அமர்ந்து, "நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்" என்று கூறும்போது, கற்பிப்பவர் யார், கற்பவர் யார் என்னும் பழைய வரிசை தலைகீழாகின்றது. மொழியியற் கல்வி அந்த ஒருமணி நேரத்திலேயே உண்மையில் தொடங்குகின்றது என்பது நமது துணிபு.