பெயருக்கும் ஒரு விலை உண்டு

அண்மையில் பெரியநீலாவணையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் புரியாணி கேட்டேன். வந்தது மஞ்சள் சோறு; மேலே ஒரு பொரித்த கோழித் துண்டு. கேட்டதற்கு, "எல்லாம் ஒண்டுதானே காக்கா" என்றார் கடைக்காரர்.

ஒன்றல்ல. அரிசியை நெய்யில் வதக்கி, அளந்து ஊற்றிய நீரோ இறைச்சிச் சாறோ முழுவதும் வற்றும்வரை வேகவைத்தால் அது புலாவு. கஞ்சி வடிப்பதில்லை. ரம்பை, ஏலம், கறுவா போட்டு நாம் ஆக்கும் நெய்ச்சோறும் இந்த இனமே. உஸ்பெக்கிஸ்தானில் இறைச்சியும் கரட்டும் சேரும். அந்தப் பலாவை 2016இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

புரியாணி வேறு. அரைவேக்காட்டுச் சோற்றையும் மசாலா இறைச்சியையும் அடுக்கி, மூடித் தம் போடுவது. இறைச்சியும் நேரமும் கூடுதல். அதனால் விலையும் கூடுதல்.

வியாபாரச் சகோதரர்களே, நெய்ச்சோறு குறைந்த சாப்பாடல்ல. கலியாண வீட்டில் சஹனைச் சுற்றியிருந்து நாம் விரும்பி உண்பதுதான். அதை அதன் பெயரில், அதன் விலைக்கே விற்போம். தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் கண்ட நபி (ஸல்) அவர்கள் அந்த வியாபாரியைக் கண்டித்த ஹதீஸை நாம் அறிவோம். பலகையில் இருப்பதே சட்டியிலும் இருக்கட்டும். பறக்கத் அதில்தான்.