நீரிழிவும் கண்ணொளியும்

நீரிழிவு காலைப் புண்ணாக்கும் என்பதை நம் ஜனங்கள் நன்கறிவர். அது பார்வையையும் பறிக்கும் என்பதை அறிந்தாரோ சிலரே. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் தேசத்தில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுக்கு ஆளாயிருப்பதாகக் கணக்கிட்டது. நாஞ்சில் நாடு இதற்கு விலக்கன்று.

விழித்திரையின் மத்தியிலே மாகுலா என்னும் சிறு பாகம் உண்டு. எழுத்தை வாசிப்பதும் எதிரில் வருபவர் முகத்தை அறிவதும் அதனால்தான். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்து நாளானால் விழித்திரையின் நுண்குழாய்கள் பழுதுற்றுக் கசிகின்றன, மாகுலா வீங்குகிறது. வலி கிடையாது. ஆகையால் பலர் இதை வயோதிகம் என்றோ புரை என்றோ எண்ணி, மூக்குக் கண்ணாடியை மாற்றிக் காலத்தைப் போக்குகிறார்கள். நேர்கோடு வளைந்து தோன்றினாலும், எழுத்து மங்கினாலும் உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும்.

சோதனை எளிது. சொட்டு மருந்திட்டுப் பாவையை விரித்து வைத்தியர் விழித்திரையைப் பார்ப்பார். 1991-ல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஓ.சி.டி. என்னும் படமுறை, வீக்கத்தின் கனத்தைச் சில நிமிஷங்களில் அளந்து காட்டும்.

சிகிச்சையும் உண்டு. லேசர் ஒளி பார்வை நஷ்டத்தைப் பெரிதும் குறைக்கும் என்பதை 1985-ல் அமெரிக்க ஆராய்ச்சி நிரூபித்தது. இன்று கண்ணுக்குள் செலுத்தும் ஊசிமருந்தே முதன்மை பெற்றுள்ளது. 660 பேரை வைத்து அங்கு நடந்து 2015-ல் வெளியான சோதனையில், பார்வைக் குறைவு சொற்பமாயிருந்தவர்களுக்கு விலை மலிந்த பெவாசிசுமாப், விலையுயர்ந்த இரு மருந்துகளுக்கு ஈடாகவே பயன் தந்தது. குறைவு மிகுந்தோருக்கோ, முதலாண்டில் அஃப்லிபெர்செப்ட் மேலானதாயிற்று. முந்தி வந்த ஏழைக்கு மலிந்த மருந்தே போதும். பிந்தி வந்தவனுக்கே செலவு ஏறுகிறது. ஊசியும் ஒன்றோடு முடிவதில்லை. முதலில் மாதந்தோறும் போடவேண்டியிருக்கும். நடுவில் நிறுத்துவது பேதைமை. சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அடக்காவிடில் வைத்தியர் உழைப்பு வீணே.

ஆசாரிப்பள்ளத்தில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி உண்டு. நெல்லையில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி உண்டு. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நீரிழிவு மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொணர்ந்தது. மாத்திரை சென்ற வாசலுக்குக் கண் சோதனையும் செல்லவேண்டும் என்பதே நம் கோரிக்கை. ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் விழித்திரையைப் படமெடுக்கும் வசதியைச் சர்க்கார் உறுதிசெய்யட்டும். நீரிழிவுள்ள ஒவ்வொருவரும், பார்வை தெளிவாயிருப்பினும், வருஷம் ஒருமுறை சோதித்துக்கொள்ளட்டும்.

ஓட்டுக் கேட்க வீடுவீடாய் ஏறி இறங்கும் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை: அடுத்த முறை கதவைத் தட்டும்போது, அவ்வீட்டு நீரிழிவுக்காரர் கண்ணைக் காட்டினாரா என்றும் கேளுங்கள், காட்டவில்லையேல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.